மூச்சையும் அளக்க வேண்டும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் எந்தத் தொந்தரவுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், மேற்கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிடுகிறார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இரண்டும் சத்தமில்லாமல் வளர்கிற கோளாறுகள். உடம்பு தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இதை நம் பொதுச் சுகாதாரம் நன்றாகவே உணர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இந்தச் சோதனைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. இதே நியாயம் மூச்சுக்கும் பொருந்தும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், சாவுக்கான காரணங்களில் அது நான்காவது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள், வீடுகளில் இளைப்பு, வீசிங், நெஞ்சுச் சளி என்று பல பெயர்களில் அது உலவுகிறது. 27 நாடுகளில் 44 இடங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லிச் சோதித்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சுக்குழாய் அடைப்பு இருப்பதாக அதில் தெரியவந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு அதற்கு முன் யாரும் அப்படி ஒரு நோய் இருப்பதாகச் சொல்லியிருக்கவில்லை. ஐந்தில் நான்கு பேர்! இத்தனை பேர் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. நுரையீரலின் அமைப்பிலேயே அதற்கு இடமிருக்கிறது.

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது; ஒவ்வொரு பிரிவும் மறுபடி இரண்டாகிறது. இப்படி ஏறத்தாழ 23 தடவை பிரிந்த பிறகே காற்று கடைசிச் சிற்றறைகளை எட்டுகிறது. சராசரி மனிதருக்கு இந்தச் சிற்றறைகள் சுமார் 48 கோடி. மேலே உள்ள பெரிய குழாய்கள் எண்ணிக்கையில் குறைவு. கீழே போகப் போக ஒவ்வொரு குழலும் மெலிந்தாலும், அவற்றின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிவிடுவதால், எல்லாம் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் தடை மிகச் சிறியதாகவே இருக்கும். ஆரோக்கியமான நுரையீரலில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள குழல்கள் மொத்தத் தடையில் சிறு பங்குதான் வகிக்கின்றன. 1968இல் ஜேம்ஸ் ஹாக், பீட்டர் மேக்லம், வில்லியம் தர்ல்பெக் ஆகிய மூவரும் இறந்தவர்களின் நுரையீரல்களை அளந்து பார்த்து, இந்த நோயில் அடைப்பு விழுவது முக்கியமாக இந்தச் சிறு குழல்களில்தான் என்று காட்டினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். நோய் தொடங்குகிற இடமும், கெட்டாலும் வெளியே தெரியாத இடமும் ஒன்றே. அங்கே கணிசமான குழல்கள் அடைபட்ட பிறகும் மிச்சமுள்ளவை வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆளுக்கு எதுவும் தெரிவதில்லை.

எவ்வளவு கணிசம் என்பதற்கு இப்போது அளவும் கிடைத்திருக்கிறது. அறுவை செய்து எடுத்த நுரையீரல் துண்டுகளை மிக நுண்ணிய சி.டி. ஸ்கேனில் வைத்துக் கடைசிநிலைக் குழல்களை எண்ணிப் பார்த்தவர்கள் 2018இல் சொன்ன கணக்கு அதிர்ச்சியானது. லேசான நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமே அந்தக் குழல்களில் சுமார் 40 சதவீதம் காணாமல் போயிருந்தன. அடைபட்டவை அல்ல, அழிந்தே போனவை. போனது திரும்ப வளர்வதில்லை. இதற்குள் காற்றறைகளின் சுவர்களும் கரையத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். கூடாரத் துணியை நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல, அந்தச் சுவர்கள்தான் சிறு குழல்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கின்றன. அவை அறுந்தால், மூச்சை வெளியே விடும்போது குழல்கள் தளர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. அது வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கும். வேகமாக நடந்தால் இன்னும் சீக்கிரம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்பிப்போகும். உதரவிதானம் தட்டையாகி, இழுக்க இடமில்லாமல் தவிக்கும். "மூச்சை இழுக்க முடியவில்லை" என்றுதான் நோயாளி சொல்லுவார். உண்மையில் அவரால் முடியாதது மூச்சை விடுவது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடச் சொல்லிக் கொடுப்பதன் காரணம் இதுவே: குழல்களுக்குள் அழுத்தத்தைத் தக்கவைத்து, அவை சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் அது தடுக்கிறது.

உடம்பு மறைப்பதை மனமும் மறைக்கிறது. மாடியேறினால் இளைக்கிறது என்று தெரிந்தவர் மாடியேறுவதை நிறுத்திவிடுகிறார். கடைக்கு நடந்து போனவர் பேரனை அனுப்புகிறார். கிரிவலத்தை விட்டுவிட்டு வாசலில் நின்று கும்பிட்டு வருகிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்பதால் உட்கார்ந்து குளிக்கிறார். பிறகு தலைக்குக் குளிக்கும் நாட்களே குறைகின்றன. கையை உயர்த்தும்போது தோள் தசைகள் மூச்சுக்கு உதவ முடியாமல் போவதால் வரும் தவிப்பு அது. ஆனால் அவர் அதைத் தலைவலிக்குப் பயந்து தவிர்ப்பதாகச் சொல்லக்கூடும். இந்த நிலையில் டாக்டர் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்பது நேர்மையான பதில்தான். மூச்சு வாங்க வைக்கிற எதையும் அவர் செய்வதில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். நடக்காத கால்களின் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே அதிக மூச்சைக் கேட்கிறது. அதனால் இன்னும் குறைவாக நடக்கிறார். இளைப்பு ஒரு நம்பகமான அறிகுறி என்று நினைத்து அதற்காகக் காத்திருக்கும் மருத்துவம், இந்தச் சுருக்கத்தின் கடைசிக் கட்டத்தில்தான் ஆளைச் சந்திக்கிறது.

அளப்பதற்கான கருவி புதிதல்ல. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846இலேயே ஸ்பைரோமீட்டரை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சளவைப் பதிவு செய்துவிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1947இல், பாரிஸில் ராபர்ட் டிஃபெனோ அதில் நேரத்தையும் சேர்த்தார்: மொத்தம் எவ்வளவு ஊத முடிகிறது என்பதோடு, முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியேறுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்றார். இன்றைக்கும் சோதனையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நோயாளி நிமிர்ந்து உட்காருகிறார். மூக்கில் கிளிப் மாட்டுகிறார்கள். அட்டைக் குழலை உதடுகளால் இறுகக் கவ்வி, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்து, ஒரே வீச்சில் வெடித்தாற்போல் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் இல்லாவிட்டால் பாதிப் பேர் மூன்றாவது நொடியில் நிறுத்திவிடுவார்கள். திரையில் கோடு ஒன்று எழும்புகிறது. நல்ல நுரையீரலின் கோடு செங்குத்தாக ஏறிச் சட்டென்று சமமாகிவிடும். மூன்று லிட்டர் ஊதுகிறவர் முதல் நொடியிலேயே 2.4 லிட்டர் தள்ளிவிட்டால் விகிதம் 0.80. அடைப்புள்ளவரின் கோடோ சாய்வாக ஏறிக்கொண்டே போகும், பத்து நொடி கழித்தும் சமமாகாமல். அவரும் மூன்று லிட்டர் ஊதிவிடலாம்; ஆனால் முதல் நொடியில் ஒன்றரை லிட்டர்தான் வந்திருக்கும், விகிதம் 0.50. குழாயைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைத்தும் விகிதம் 0.70க்குக் கீழேயே நின்றால், நீங்காத அடைப்பு இருக்கிறது என்று பொருள். எக்ஸ்ரே இதைக் காட்டாது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காமலும் போகலாம். சிறு குழல்களின் அழிவோடு ஒப்பிட்டால் ஸ்பைரோமீட்டர்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்லுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் நோயாளி தானாக வந்து முறையிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அது சொல்லிவிடும்.

வயதானால் மூச்சு குறையத்தானே செய்யும் என்பது முதலில் எழும் மறுப்பு. குறையும். இருபத்தைந்து வயதுக்குப் பிறகு முதல் நொடி அளவு ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை இறங்குவது இயல்பு. லண்டனில் வேலை பார்த்த 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த சார்லஸ் ஃப்ளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் 1977இல் எழுதியது இதைத்தான்: முதுமை தரும் இறக்கம் மட்டும் ஒருவரை மூச்சுக்குத் தவிக்க வைத்துவிடாது, புகைக்கு எளிதில் இடம் கொடுக்கும் நுரையீரல்களில் இறக்கம் பல மடங்கு செங்குத்தாகிறது. புகைப்பதை நிறுத்தினால் இழந்தது மீளாது, ஆனால் இறக்கத்தின் வேகம் மற்றவர்களின் வேகத்துக்குத் திரும்பிவிடும். இந்த மறுப்புக்குள் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 0.70 என்ற ஒரே கோட்டை எல்லா வயதுக்கும் வைத்தால், எண்பது வயது ஆரோக்கியமானவர் சிலர் நோயாளி ஆகிவிடுவார்கள். நாற்பது வயது நோயாளி சிலர் தப்பிவிடுவார்கள். இது சரியான விமர்சனம். வயது, உயரம், பாலினம் பார்த்துக் கீழெல்லையைக் கணக்கிடுவது மேல். எல்லைக்கோட்டில் நிற்பவரை ஒரே சோதனையை நம்பி நோயாளி என்று அறிவிக்காமல், சில மாதங்கள் விட்டு மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். அளவுகோலில் திருத்தம் வேண்டும் என்பது அளக்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

அடுத்த மறுப்பு நம் வீடுகளில் அதிகம் கேட்கிற ஒன்று: பீடி சிகரெட் பிடிக்காதவருக்கு எதற்கு இந்தச் சோதனை? இந்தியாவின் நோய்ச்சுமையைக் கணக்கிட்டு 2018இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் இந்த நோயுள்ளவர்கள் 1990இல் 2.8 கோடி, 2016இல் 5.5 கோடி. அந்தச் சுமையில் காற்று மாசின் பங்கு 53.7 சதவீதம், புகையிலையின் பங்கு 25.4 சதவீதம். காற்று மாசு என்றதும் டெல்லியின் பனிமூட்டம் நினைவுக்கு வருகிறது. அதைவிட நெருக்கமான இடம் அடுப்படி. ஈரச் சுள்ளி பற்றாமல் புகைகிறது. ஊதுகுழலோடு அடுப்பின் வாய்க்கருகே குனிந்து ஊதுகிறவர், ஒவ்வொரு ஊதலுக்கும் பிறகு அடுத்த மூச்சை இழுப்பது அந்தப் புகைக்குள்ளிருந்துதான். பதினைந்து வயதில் தொடங்கி நாற்பது ஆண்டு, நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், முப்பது வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்களில் நாற்பதில் ஒருவர் என்று படித்தால் அது சிறிதில்லை. பஞ்சாலையின் தூசு, கல்குவாரியின் தூசு, குணமான காசநோய் விட்டுச்சென்ற தழும்பு, சரியாக வைத்தியம் பார்க்காத ஆஸ்துமா என்று வேறு வழிகளும் உண்டு. 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு கதையை இன்னும் முன்னே தள்ளியது. பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட மூன்று கூட்டத்தாரைப் பார்த்ததில், நோயில் முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேகமாக இறங்கியவர்கள் அல்ல. இளம் வயதிலேயே நுரையீரல் முழு வளர்ச்சியை எட்டாமல், குறைந்த முதலோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். அப்படிப் பார்த்தால் குழந்தைப் பருவத்து நெஞ்சுச் சளியும் விறகுப் புகையும்கூட அறுபது வயது இளைப்பின் வரலாற்றில் சேரும். புகைப்பவரை மட்டும் சந்தேகிக்கும் மருத்துவர் பாதி நோயாளிகளைத் தவறவிடுவார்.

சரி, போன நுரையீரல் திரும்பாது என்றால் தெரிந்துகொண்டு என்ன பயன்? இந்தக் கேள்வியில் உண்மையான விரக்தி இருக்கிறது. அதற்கு எண்களால்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் லேசான அடைப்புள்ள 5,887 புகைப்பழக்கக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், பதினோரு ஆண்டுகளின் முடிவில், புகையை விட்ட ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் இழந்தார்கள், விடாதவர்கள் 66. அதாவது விட்டவர்கள் இயல்பான முதுமையின் வேகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதே ஆய்வில் குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நீண்டகால இறக்கம் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுப்புப் புகைக்கும் சான்று உண்டு. சீனாவின் சுவான்வெய் பகுதியில் நிலக்கரி எரித்த வீடுகளில் புகைபோக்கி வைத்த பிறகு நோய் குறைந்தது 2005இல் பதிவானது. குவாங்டாங் கிராமங்களில் சாண எரிவாயுவுக்கு மாறி அடுப்படியில் காற்றோட்டமும் செய்தவர்களின் நுரையீரல் ஒன்பது ஆண்டுகளில் மற்றவர்களைவிட மெதுவாக இறங்கியது 2014இல் வெளியானது. எல்லா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் சோறும் குழம்பும் விறகுக்குத் திரும்புகின்றன. குளிக்க வெந்நீர் பல வீடுகளில் என்றுமே கேஸுக்கு வந்ததில்லை. தன் மூச்சு எண் என்ன என்று தெரிந்த பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும், வெந்நீர் அடுப்பை வீட்டுக்குள்ளிருந்து வெளியே மாற்றக் கையில் ஒரு காரணம் இருக்கும்.

மிக வலுவான எதிர்ப்பு மருத்துவத்துக்குள்ளிருந்தே வருகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு இந்த நோய்க்கான சோதனையைப் பரவலாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இல் சொன்னது, 2022இல் மறுபடி உறுதி செய்தது. அந்த அறிவுரையை நான் ஏற்கிறேன். இங்கே முன்வைப்பது எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்வதல்ல. தொந்தரவு இருந்தும் அதைத் தொந்தரவு என்று எண்ணாதவர்களை, புகையிலோ தூசிலோ பல ஆண்டுகள் கழித்தவர்களை, சரியான கேள்வி கேட்டுத் தேடிப்பிடித்து அளப்பது வேறு காரியம். அதற்குப் பயன் உண்டா என்று கனடாவில் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சுத் தொந்தரவு இருந்தும் பெயர் வைக்கப்படாமல் வாழ்ந்துகொண்டிருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டுபிடித்து, சி.ஓ.பி.டி. அல்லது ஆஸ்துமா உறுதியான 508 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை நுரையீரல் நிபுணர் கவனித்தார். மற்றது வழக்கமான டாக்டரிடம் போனது. 2024இல் வெளியான முடிவின்படி, மூச்சுக் கோளாறுக்காக மருத்துவரைத் தேடி ஓட வேண்டியிருந்தது முதல் பிரிவில் ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 0.53 தடவை, இரண்டாவதில் 1.12. நோய் இன்னது என்று இரண்டு பிரிவுக்குமே சொல்லப்பட்டிருந்தது; இரண்டிலுமே அன்றாட நலம் முன்னைவிடத் தேறியிருந்தது.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியவற்றில் மருந்து ஒரு பகுதிதான். அதிலும் நம்மிடம் ஒரு பிடிவாதமான பயம் இருக்கிறது: பம்ப் ஆரம்பித்தால் பழகிவிடும், மாத்திரையே தேவலை. கணக்கைப் பார்க்கலாம். குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. பம்பின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை ரத்தம் வழியே உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து நெஞ்சைப் படபடக்க வைத்த பிறகு குழாய்களுக்குப் போகிறது. பம்ப் நேரே போகிறது. ஆனால் சரியாக இழுத்தால்தான் போகும். முழுதாக மூச்சை விட்டு, உதட்டை இறுக்கி, அழுத்தும் அதே கணத்தில் மெதுவாக ஆழ இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். அது கைவராதவருக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. மருந்தைவிட அதிகம் பேசப்பட வேண்டியது மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுச் சிகிச்சை. 2015இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவினர், இதன் பலனில் இனிச் சந்தேகமில்லை, வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டு இன்னொரு ஆய்வு தேவையில்லை என்றே எழுதிவிட்டார்கள். இதனால் ஸ்பைரோமீட்டரின் எண் பெரிதாக மாறாது. மாறுவது கால் தசையும் தைரியமும் நடக்கும் தூரமும். நுரையீரல் அப்படியே இருக்க, அதை வைத்திருக்கும் மனிதர் நிமிர்கிறார். ஆக்ஸிஜனுக்கு அப்படி எல்லோருக்குமான பலன் இல்லை: ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1980, 1981 ஆய்வுகள் காட்டின, மிதமாகக் குறைந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்று 2016இல் தெரியவந்தது. அதற்கும் ஆளை அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது நடைமுறைக் கேள்வி. ஸ்பைரோமீட்டர் ரத்த அழுத்தப் பட்டையைப் போல எளிதல்ல என்பது உண்மை. தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் அதைச் சரிபார்க்க வேண்டும். ஊத வைக்கப் பழகிய ஆள் வேண்டும். மூன்று நல்ல ஊதல்கள் கிடைக்க இருபது நிமிடம் ஆகலாம். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் இதை வைப்பது இப்போதைக்கு நடக்காது. வைக்கத் தேவையும் இல்லை. நேபாளத்தின் பக்தபூர், பெருவின் லிமா, உகாண்டாவின் நாகசேகே ஆகிய மூன்று இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. சில கேள்விகளையும், கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டரில் ஓர் ஊதலையும் வைத்து, மருத்துவர் அல்லாத களப்பணியாளர்களே சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் யாரைச் சந்தேகிக்கலாம் என்று பிரித்துவிட்டார்கள். இந்தச் சல்லடை எல்லோரையும் சரியாகப் பிரிக்கவில்லை; ஆனால் ஸ்பைரோமீட்டருக்கு யாரை அனுப்புவது என்று முடிவுசெய்யப் போதுமானதாக இருந்தது. அங்கே நோய் உறுதியானவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் அதற்கு முன் அடையாளம் காணப்படாதவர்கள். வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களின் பையில் அந்தப் பிளாஸ்டிக் குழலையும், எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்து, சந்தேகம் வந்தவரைத் தாலுகா மருத்துவமனையில் சரிபார்த்த ஒரு ஸ்பைரோமீட்டருக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஒரு மாவட்டத்தில் இப்போதே தொடங்க முடியும்.